அறுகம்குடா போகலாமா? மலைநாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வெசாக் கூடுகளைக் கழற்றி வைத்த கையோடு பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைப் பக்கத்து வேன்கள் கிழக்கே இறங்கத் தொடங்கிவிடும். முன்பு கதிர்காமம் மட்டும்தான். இப்போது இளவட்டங்களின் பட்டியலில் அறுகம்குடாவும் சேர்ந்துவிட்டது. இந்த இடத்தைப் பற்றி வெளிநாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை எல்லாம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குகின்றன. இது தோட்டத்துச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு.

அறுகம்குடாவில் அப்படி என்னதான் இருக்கிறது?

அலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அம்பாறை மாவட்டத்தில், பொத்துவில் நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 3 கி.மீ. தள்ளி, பிறையாக வளைந்த ஒரு குடா. அதன் கரையில் உல்லை என்ற மீனவக் கிராமம். 2004 சுனாமியில் இந்தக் கரை அடியோடு சிதைந்தது. இன்று நீங்கள் பார்க்கும் கடைகள், கபானா என்கிற கடற்கரைக் குடில்கள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவையும் திருப்பிக் கட்டியவையும்தான்.

அலை ஏன் இங்கே மட்டும் இப்படி வருகிறது என்று பல பேர் கேட்பார்கள். இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து இந்தக் குடாவின் பாறை முனையைத் தொடுகின்றன. முனையைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்பும்போது, அலை மொத்தமாகச் சரிந்து விழாமல் ஒரு நுனியில் உடைய ஆரம்பித்து அப்படியே வரிசையாக உடைந்துகொண்டே போகும். உடைகிற இடத்துக்குச் சற்று முன்னால் பலகையில் நின்றுகொண்டு பக்கவாட்டில் ஓடுவதுதான் சர்ஃபிங். நல்ல நாளில் தேர்ந்தவர்கள் ஒரே அலையில் சில நூறு மீட்டர் போவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். 2019 செப்டெம்பரில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று இங்கே நடந்தது. இது ஊர்ப் பெருமைக்காகச் சொல்லும் கதையல்ல, உலகத் தரத்து அலைதான்.

எந்த மாதத்தில் போவது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை. அலை பெரிதாக வருவது ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை.

ஹட்டனில் குடையை மடக்க முடியாத ஜூன், ஜூலையில்தான் பொத்துவிலில் வெயில் கொளுத்தும். இரண்டுக்கும் காரணம் ஒரே காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை நம் மலைகளின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்டு போய்க் கிழக்கே இறங்குகிறது. கிழக்கில் அதைக் கச்சான் காற்று என்பார்கள். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் கலங்காமல் வழுவழுப்பாக நிற்கும். பகல் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி அதைக் குலைத்துவிடும். அதனால் காலை 6 மணிக்கே தண்ணீரில் இருக்க வேண்டும். 10 மணிக்கு எழும்பி வந்தால் கலங்கிய அலையும் மண்டை பிளக்கும் வெயிலும்தான் மிச்சம்.

ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் கூட்டம் அதிகம், அறை விலையும் ஏறிவிடும். என்னைக் கேட்டால் மே மாதம், இல்லாவிட்டால் செப்டெம்பர் கடைசி. முதன்முதலாகப் பலகை பிடிப்பவர்களுக்குச் சிறிய அலைதான் வேண்டும். அது அப்போதுதான் கிடைக்கும்.

பஸ்ஸில் எப்படிப் போவது?

எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் மொணராகலையைப் பிடிக்க வேண்டும். பண்டாரவளைக்காரர்களுக்கு எல்ல, வெல்லவாய, புத்தள வழி. ஹப்புத்தளைப் பக்கத்தவர்கள் பெரகலையில் ஏ4 வீதிக்கு இறங்கி, கொஸ்லாந்தை ஊடாக வெல்லவாயவுக்கு வரலாம். பதுளை, பசறை ஆட்கள் ஏ22 வீதியில் நேராக மொணராகலைக்கே இறங்கிவிடலாம். மொணராகலையிலிருந்து சியம்பலாண்டுவ, லாகுகல தாண்டிப் பொத்துவில், ஏறக்குறைய 70 கி.மீ. பொத்துவில் நகரத்திலிருந்து உல்லைக்கு ஆட்டோ. ஏறுவதற்கு முன் விலை பேசிக்கொள்ளுங்கள், தமிழிலேயே.

எல்லயிலிருந்து மொத்தம் 135 கி.மீ. அளவில் வரும். வேனில் மூன்று மூன்றரை மணித்தியாலம், பஸ் மாறி மாறிப் போனால் அரை நாள். ஹட்டன், தலவாக்கலைக்காரர்கள் நுவரெலியா, வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்கு வந்து, அங்கே தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு தங்கி விடியக் கிளம்புவதே நல்லது. ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள்.

வேனில் போகிறவர்களுக்கு ஒன்று. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வெல்லவாயவுக்கு வந்து சேரும்போது அதில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே இறங்கியிருப்பீர்கள். இராவணா நீர்வீழ்ச்சி வளைவில் காது அடைக்கும், கீழே வந்ததும் ஆளாளுக்கு ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணிப்பார்கள். 2025 செப்டெம்பரில் இதே எல்ல - வெல்லவாய வீதியில் இரவு நேரத்தில் சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் பிடித்து இறக்கத் தெரிந்த சாரதியாகப் பாருங்கள். பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இறங்குவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஆங்கிலம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. பொத்துவில் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். தமிழர், சிங்களவரும் இருக்கிறார்கள், கடைத்தெருவில் கேட்பது தமிழ்தான். சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் இளைஞர்களில் பல பேர் அதே ஊர்ப் பிள்ளைகள். வெளிநாட்டுக்காரருக்குக் கையைக் காலை ஆட்டிப் புரிய வைப்பதை உங்களுக்கு நம் பாஷையிலேயே சொல்லித் தருவார்கள். தெற்குக் கரையில் சர்ஃபிங் பழகப் போகும் வெலிகமவில் இந்த வசதி குறைவு. இது நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய சௌகரியம். ஆனாலும் நம் ஆட்கள் அங்கே போய்க் கூச்சத்தில் ஒதுங்கி நின்று, வெள்ளைக்காரர் சறுக்குவதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். போய்ப் பேசுங்கள். “தம்பி, எனக்கு ஒன்றும் தெரியாது, முதல்லேருந்து சொல்லுங்க” என்றால் போதும்.

எனக்கு நீச்சல் தெரியாது. சர்ஃபிங் பழகலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நாம் பீலியில் குளித்து வளர்ந்தவர்கள். ஆற்றில் இறங்கிப் பழகியவர்களுக்கும் கடல் புதிது. ஆற்றில் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் இழுக்கும். கடலில் வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அது கரை முழுக்கப் பரவலாகப் போகாமல், சில இடங்களில் ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து வேகமாக வெளியே ஓடும். அந்த இழுப்பில்தான் ஆட்கள் அடிபட்டுப் போகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கரையில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் இழுப்பு. நம் ஆட்கள் “இங்கேதான் அலை இல்லை, பிள்ளைகளை இறக்கலாம்” என்று சரியாக அந்த இடத்தில் போய் நிற்பார்கள்!

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தக் கூடாது. எதிர்த்து நீந்தி ஜெயித்தவர் கிடையாது. மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். அந்தப் பட்டையைத் தாண்டிவிட்டால் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

சரி, கேள்விக்கு வருவோம். முதல் பாடம் நடப்பது இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து முடிந்து நுரையாக வரும் அலையில். நீச்சல் தெரியாதவரும் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க அதை முயன்று பார்க்கலாம். ஆனால் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிலர் மறுப்பார்கள், அவர்கள் நல்ல பயிற்றுநர்கள். இடுப்பளவைத் தாண்டி ஓர் அடியும் வைக்கக் கூடாது. பலகையைக் காலோடு கட்டியிருக்கும் வார் அறுந்து போகக்கூடியது. அந்தப் பலகையை உயிர்காப்பு அங்கி என்று நினைத்துவிடாதீர்கள்.

எந்த இடத்தில் பழகுவது?

எல்லோரும் படம் எடுக்கும் மெயின் பொயின்ட் புதியவர்களுக்கு இல்லை. அடியில் பாறை, கடல் முள்ளி. மேலே தேர்ந்தவர்களின் கூட்டம். குடாவுக்குள்ளேயே இருக்கும் பேபி பொயின்ட், வடக்கே விஸ்கி பொயின்ட், தெற்கே பாணமை வீதியில் பீனட் ஃபார்ம் ஆகியவைதான் பழகுகிறவர்கள் போகும் இடங்கள். பலகையை ஆட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு போவார்கள், அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. அன்றைய அலைக்கு எந்த இடம் தோது என்பதைப் பயிற்றுநரிடமே விட்டுவிடுங்கள்.

முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

முதல் அரை மணித்தியாலம் மணலில்தான். பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் மணலைத் துழாவ வேண்டும். பிறகு உள்ளங்கையை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே உந்தலில் எழுந்து, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே, பக்கவாட்டில் திரும்பி முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். முழங்காலை ஊன்றி ஊன்றி எழும்புவதை விடமாட்டார்கள். பார்க்கச் சுலபம், பத்துத் தடவை செய்தால் மூச்சு வாங்கும். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குகிற பெண்களுக்குக் காலில் பலமும் சமநிலையும் ஏற்கனவே இருக்கிறது. அவர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். கஷ்டப்படுவது தோள்தான்.

தண்ணீரில் பயிற்றுநர் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் பார்த்தபடி நிற்பார். நுரை வந்ததும் ஒரு தள்ளு, “எழும்பு!” என்று ஒரு சத்தம். விழுவீர்கள். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுங்கள், மேலே வரும்போது கையால் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். அடிபடுவது பெரும்பாலும் உங்கள் பலகையாலேயேதான். முதலில் மேலே மென்மையான, நீளமான பலகையைக் கேளுங்கள். சட்டை இல்லாமல் படுத்தால் மெழுகு தேய்த்த பலகையில் மார்பும் வயிறும் உரிந்து, மறுநாள் உப்புத் தண்ணீர் பட்டதும் எரியும். அதனால் உடம்போடு ஒட்டிய பனியன் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓர் அலைக்கு ஒருவர்தான். உடையும் நுனிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் வரும் பாதையில் குறுக்கே ஏறுவது அங்கே பெரிய குற்றம், திட்டு விழும்.

நாங்கள் இருபது பேர் வேனில் போகிறோம். சமைத்து, குடித்து, குளித்துவிட்டு வரலாமா?

சமைக்கலாம். சாராயத்தைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குவதைப் பற்றி மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: வேண்டாம். இந்த நாட்டில் ட்ரிப் போய்ச் சடலமாகத் திரும்பிய இளைஞர்களின் கதை எந்தத் தோட்டத்தில் இல்லை? குடிப்பதென்றால் குளித்து முடித்து, உடுப்பு மாற்றிய பிறகு. இருட்டிய பிறகு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இருபது பேர் போனால் இரண்டு பேர் அன்று குடிக்காமல், கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்தக் கரை மீனவர்களின் வேலையிடம். தோணி இழுக்கிற இடத்தில் பாயை விரித்து ஸ்பீக்கரை அலறவிடுவது, நம் பிரட்டுக்களத்தில் வெளியாட்கள் வந்து கூத்தடிப்பதற்குச் சமம். பன்றி இறைச்சி சுடுவதையும் உல்லையில் தவிர்த்துவிடுங்கள்.

பெண்பிள்ளைகள் போகலாமா? என்ன உடுப்பது?

போகலாம். 2018இல் தொடங்கிய அறுகம்பே கேர்ள்ஸ் சர்ஃப் கிளப்தான் இலங்கையின் முதல் பெண்கள் சர்ஃப் சங்கம். அந்த ஊர்ப் பெண்கள், அதிலும் பிள்ளைகள் பெற்ற தாய்மார், ஊர் வாயையும் தாண்டி அலையில் ஏறியவர்கள். நம் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல முன்னுதாரணம் தேவையில்லை.

முழங்கால் வரை லெக்கின்ஸ், கை வைத்த இறுக்கமான மேற்சட்டை இருந்தால் போதும், வெயிலுக்கும் அதுதான் நல்லது. சுடிதாரோடு, சேலையோடு இறங்காதீர்கள். நனைந்த துணி காலைச் சுற்றி இழுக்கும். கடற்கரையை விட்டு ஊருக்குள், பொத்துவில் கடைத்தெருவுக்குப் போகும்போது ஒரு சால்வை, நீளமான பாவாடை. ஆண்களும் சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், இதைச் சொல்லவே வேண்டியிருக்கிறது. இரவில் தனியாகக் கரையோரம் நடப்பதை வெளிநாட்டுப் பெண்களே தவிர்க்கிறார்கள்.

செலவு தாங்குமா?

கடற்கரை வீதியில் உள்ள கபேக்கள் டொலரில் யோசிப்பவர்களுக்கு விலை போட்டவை. அங்கே ஒரு காலைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசில் பொத்துவில் நகரத்தில் ஒரு குடும்பமே பிட்டு, மீன்குழம்பு, பிளேன்டீயோடு எழும்பிவிடலாம். அறைக்கு, கடலைப் பார்த்த கபானாவை விட்டு உள்வீதியில் வீட்டோடு சேர்ந்த அறைகளைக் கேளுங்கள். கூட்டமாகப் போனால் ஒரு வீட்டையே பேசி எடுக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நகரத்துக் கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகல் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் ஆட்களைக் கண்டால் “அறை இல்லை” என்கிற இடங்களும் இந்த நாட்டுச் சுற்றுலாக் கரைகளில் உண்டு. வாதாடி நேரத்தை வீணாக்காமல் அடுத்த வாசலைத் தட்டுங்கள். உங்கள் காசுக்கு மரியாதை தருகிற வீடு அதே வீதியில் இருக்கும்.

பயிற்சிக்குப் பணம் கொடுக்கத் தயங்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது சாப்பாட்டிலும் அறையிலும். பலகையை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தானே பழகப் போகிறவன் கடைசியில் உடைத்த பலகைக்கும் சேர்த்துக் கட்டுவான்.

பாதுகாப்பு எப்படி?

2024 ஒக்டோபரில் அறுகம்குடாவில் சுற்றுலாப் பயணிகளைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்ததும், இஸ்ரேல் தன் மக்களை வெளியேறச் சொன்னதும் பெரிய செய்தியாகின. அப்போது பொலிஸும் விசேட அதிரடிப்படையும் குவிக்கப்பட்டன. வழியில் சோதனை இருந்தால் கேட்டதைக் காட்டிவிட்டுப் போகலாம், அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து கடலும் வெயிலும்தான். குளிருக்குப் பழகிய உடம்பு ஒரே பகலில் வாடிவிடும். தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஜீவனி பக்கெட் நாலைந்து, தொப்பி, சன்கிரீம். களப்புகளில் முதலை உண்டு, அங்கே குளிக்க வேண்டாம். பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

அம்மா, அப்பா, சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன இருக்கிறது?

உகந்தைமலை முருகன் கோயில். இதற்காகவே பெரியவர்கள் சரி என்று சொல்லிவிடுவார்கள். அறுகம்குடாவிலிருந்து பாணமை ஊடாகத் தெற்கே சுமார் 30 கி.மீ., கடலோரப் பாறைக்குன்றும் காடும் சேர்ந்த இடம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இங்கே தங்கித்தான் குமண காட்டுக்குள் நுழைவார்கள். கொடியேற்றக் காலத்தில் போனால் அந்தக் கூட்டத்தையும் பார்க்கலாம். நம் வீட்டுக் கிழவிகள் அரோகரா என்று ஒரு குரல் கொடுத்தால் பக்கத்தில் நிற்கும் மட்டக்களப்பு ஆச்சிமார் சேர்ந்துகொள்வார்கள், அப்புறம் நீங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

வழியில் பாணமை, தமிழரும் சிங்களவரும் கலந்து மணமுடித்து வாழ்ந்து வந்த ஊர், பத்தினி அம்மன் கோயில் உண்டு. உகந்தைக்கு அப்பால் குமண தேசியப் பூங்கா. பறவை பார்க்கிறவர்களுக்கு ஜீப் பிடிக்க வேண்டும். பொத்துவில் களப்பில் தோணியில் போய்க் கண்டல் காடு பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான்.

ஒக்டோபருக்குப் பிறகுதான் லீவு கிடைக்கும். என்ன செய்வது?

நவம்பரிலிருந்து கிழக்கில் மழை, கடலும் கலங்கிவிடும், பாதிக் கடை பூட்டு. அப்போது தெற்கு: வெலிகம, நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மணல் அடித்தளம், பழகுவதற்கு நல்ல குடா. வெல்லவாயவிலிருந்து தனமல்வில வழியாக இறங்கி மத்தளையில் அதிவேகப் பாதையில் ஏறினால் மாத்தறைப் பக்கம் சீக்கிரம் போய்விடலாம்.

திரும்பும்போது எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வேன் என்றால் பகல் சாப்பாடு முடிந்த கையோடு. லாகுகலவில் வீதியை ஒட்டியே யானைக்காடு, பொழுது சாயும் நேரத்தில் யானைகள் வெளியே வரும். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் அந்தத் துண்டை இருட்டில் தொடவே கூடாது. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், இறங்கிப் படம் எடுக்காமல் நில்லுங்கள். 2 மணிக்குள் கிளம்பினால் இருட்டுவதற்குள் எல்ல ஏறிவிடலாம். அதற்கு மேலே பனிமூட்டம் இருந்தால் மெதுவாகப் போக நேரமும் இருக்கும். பஸ்காரர்கள் மொணராகலைக்குக் காலை பஸ்ஸையே பிடியுங்கள். பிந்திவிட்டால் மொணராகலையிலிருந்து மேலே ஏறப் பஸ் கிடைக்காமல் அங்கேயே இரவு தங்க நேரிடும்.